கணக்கு முடிந்த நாள் முதல்: வணிகத் தரவுகளுக்குக் காலவிதி



பழைய கணக்கை எத்தனை வருஷம் வைத்திருக்க வேண்டும் என்பது தொழில் செய்கிறவர்கள் ஆடிட்டரிடம் தவறாமல் கேட்கும் கேள்வி. ‘எட்டு வருஷம் வையுங்கள்’ என்றோ, ‘ஆறு போதும்’ என்றோ ஒரு விடை கிடைக்கும்; அத்தோடு பேச்சு முடிந்துவிடும். விடை பிழையானது என்று நான் சொல்ல வரவில்லை. அது பாதி விடை. எத்தனை ஆண்டு என்பது இரண்டாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி. எந்த நாளிலிருந்து எண்ணுவது என்பதே முதலில் கேட்க வேண்டியது. ஒரு பில் போட்ட நாள், ஒரு வாடிக்கையாளரின் பெயர் பதிவான நாள், ஒரு தொழிலாளி வேலைக்குச் சேர்ந்த நாள் என்று தரவு பிறந்த நாளிலிருந்து எண்ணும் விதி எழுதுவதற்கு எளிது, கணினிக்குச் சொல்லிக் கொடுப்பதற்கும் எளிது. ஆனால் பெரும்பாலான இடங்களில் அது தவறான விதி. அந்தத் தரவைச் சுமக்கும் கடமை எந்த நாளில் முடிகிறதோ அந்த நாளிலிருந்து எண்ணும் விதிதான் சட்டத்துக்கும் பொருந்தும், தொழிலுக்கும் பொருந்தும். இந்த ஒன்றைத்தான் இன்று சான்றுகளோடு நிறுவ முயல்கிறேன்.

மூன்று வேலைகள், மூன்று நோக்கங்கள்

முதலில் ஒரு குழப்பத்தை விலக்கிக்கொள்ள வேண்டும். பேக்கப் எடுப்பது, காப்பகத்துக்கு மாற்றுவது, அழிப்பது என்ற மூன்றும் வெவ்வேறு வேலைகள். சர்வர் பழுதானால் நேற்றைய நிலைக்குத் திரும்புவதற்காக எடுப்பது பேக்கப். இந்தியக் கம்பெனிகள் கணினியில் வைத்திருக்கும் கணக்குப் புத்தகங்களுக்கு நாள்தோறும் பேக்கப் எடுத்து, அதை இந்தியாவில் இருக்கும் சர்வரில் வைக்க வேண்டும் என்று 2022-இல் கம்பெனிக் கணக்கு விதிகள் திருத்தப்பட்டன. அன்றாட வேலைக்குத் தேவைப்படாத, ஆனால் கேட்டால் காட்டியாக வேண்டிய பதிவுகளை நடப்புத் தரவுத்தளத்திலிருந்து எடுத்து, யாரும் திருத்த முடியாதபடி வேறிடத்தில் வைப்பது காப்பகம். இனி யாருக்கும் காட்ட வேண்டிய கடமையில்லாதவற்றை மீட்க முடியாதபடி நீக்குவது அழிப்பு. பேக்கப் ஒன்று இருப்பதால் காப்பகமும் இருக்கிறது என்று நினைப்பவர்கள் பல நிறுவனங்களில் உண்டு. பத்தாண்டுக்கு முந்தைய ஒரு ரசீதைக் கேட்டால், எந்த ஹார்ட் டிஸ்கில் எந்த மென்பொருளின் எந்தப் பதிப்பில் இருக்கிறது என்று தெரியாமல் அவர்கள் திகைப்பார்கள்.

ஆகவே காலவிதி என்பது ஒரே ஒரு தேதியைக் குறிப்பதாக இருக்க முடியாது. பெருநிறுவனங்கள் பயன்படுத்தும் எஸ்ஏபி மென்பொருள் இதைத் தெளிவாக இரண்டாகப் பிரித்திருக்கிறது. ஒரு பதிவு நடப்புத் தரவுத்தளத்தில் தங்கும் காலம் ஒன்று. மொத்தமாக அதைக் காக்க வேண்டிய காலம் இன்னொன்று. தங்கும் காலத்தைத் தீர்மானிப்பது வேலையின் வசதி. கடை ஊழியர் இரண்டாண்டுக்கு முந்தைய விற்பனையைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறாரா, மாதக் கணக்கு முடிக்கையில் கணினி தடுமாறுகிறதா என்பதைப் பார்த்து நிறுவனமே அதை முடிவு செய்துகொள்ளலாம். காக்கும் காலத்தைத் தீர்மானிப்பது கடமை. அது நிறுவனத்தின் விருப்பத்தில் இல்லை. ஒன்றை மற்றொன்றாக எடுத்துக்கொள்ளும்போதுதான் விபத்து நேர்கிறது.

அரசு அலுவலகம் அறிந்த ஏற்பாடு

காலம் பார்த்து ஆவணங்களைக் கழிப்பது கணினியோடு வந்த புதுமை அல்ல. தமிழ்நாட்டு அரசு அலுவலகங்களிலிருந்து வரும் கடிதங்களின் தலைப்பைக் கவனித்தவர்களுக்கு ஓ.மு., மூ.மு., ப.மு., நி.மு. என்ற எழுத்துகள் பழக்கமானவை. ஓராண்டு வைத்திருந்து கழிக்க வேண்டிய கோப்பு, மூன்றாண்டு வைத்திருக்க வேண்டியது, பத்தாண்டு வைத்திருக்க வேண்டியது, நிரந்தரமாகக் காக்க வேண்டியது என்ற நான்கு வகைகள் அவை. ஆங்கிலேயர் காலத்து மாவட்ட அலுவலக நடைமுறையிலிருந்து வந்த ஏற்பாடு இது. கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று இதில் உண்டு. கோப்பு திறக்கப்படும்போது இந்த வகை குறிக்கப்படுவதில்லை. நடப்பில் இருக்கும் வரை அதற்கு நடப்பு எண்தான். மனுவின் மீது உத்தரவு பிறந்து, செய்ய வேண்டியது ஒன்றும் பாக்கியில்லை என்று ஆனபிறகே எழுத்தர் வகையைக் குறிக்கிறார். கோப்பு பதிவறைக்குப் போகிறது. ஆண்டுக் கணக்கும் அப்போதுதான் தொடங்குகிறது. ஒரு பட்டா மனு ஐந்தாண்டு இழுத்தால், அந்த ஐந்தாண்டு மூன்றாண்டுக் கணக்கில் சேராது.

இந்த வகைப்படுத்தலில் இன்னொரு நுட்பமும் உண்டு. கோப்பை நன்கறிந்தவர், அதை முடித்த கையோடு, நினைவு மங்குமுன் வகையைத் தீர்மானித்துவிடுகிறார். பதினைந்து ஆண்டு கழித்துப் பதிவறையில் தூசி தட்டும் வேறொருவர் ஒவ்வொரு கோப்பையும் பிரித்துப் படித்து, வைக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கத் தேவையில்லை. இன்றைய நிறுவனங்களில் நடப்பது இதற்கு நேர்மாறு. சர்வர் நிரம்பிய பிறகு, தரவை உருவாக்கியவர்கள் வேலையை விட்டுப் போன பிறகு, எதை நீக்குவது என்று கணினிப் பிரிவு கையைப் பிசைகிறது. 1917-இலேயே இந்தியாவில் ஆவண அழிப்புச் சட்டம் வந்தது. நீதிமன்றங்களும் வருவாய்த்துறையும் எவற்றைக் கழிக்கலாம் என்று விதி வகுத்துக்கொள்ள அது இடம் கொடுத்தது. அழிப்பதற்கும் ஒரு சட்டம் வேண்டும் என்று நூறாண்டுக்கு முன்பே தோன்றியிருக்கிறது.

ஒரு பில்லின் ஆயுள்

இப்போது சட்டங்களுக்கு வருவோம். ஜிஎஸ்டி சட்டத்தின் 36-ஆம் பிரிவு, கணக்குகளை 72 மாதம் காக்கச் சொல்கிறது. 72 மாதம் என்றால் ஆறு ஆண்டு. ஆறு ஆண்டு என்று கேட்டவுடன், பில் தேதியிலிருந்து ஆறு ஆண்டு கழித்து நீக்கும்படி கணினியில் விதி எழுதிவிடலாம் என்று தோன்றும். ஆனால் சட்டம் பில் தேதியைப் பற்றிப் பேசவே இல்லை. அந்த நிதியாண்டுக்கான ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதம் என்கிறது. 2022 ஏப்ரல் 5 அன்று போட்ட ஒரு விற்பனை பில்லை எடுத்துக்கொள்ளுங்கள். அது 2022–23 நிதியாண்டைச் சேர்ந்தது. அந்த ஆண்டின் ரிட்டர்னுக்குக் கடைசி நாள் 2023 டிசம்பர் 31. அங்கிருந்து 72 மாதம் எண்ணினால் 2029 டிசம்பர் 31. ஆக, அந்த பில்லின் ஆயுள் ஏறத்தாழ ஏழே முக்கால் ஆண்டு. பில் தேதியிலிருந்து ஆறு ஆண்டு எண்ணிய கணினி 2028 ஏப்ரலிலேயே அதை நீக்கியிருக்கும். காட்டச் சொல்லும் உரிமை அதிகாரிக்கு இன்னும் ஒன்றே முக்கால் ஆண்டு இருக்கும்போதே காட்டுவதற்கு ஒன்றும் இருக்காது.

இதோடு முடியவில்லை. 2023 டிசம்பரில் சென்னையிலும் தென்மாவட்டங்களிலும் வெள்ளம் வந்தது. அதனால் சென்னை, திருவள்ளூர், செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருநெல்வேலி, தென்காசி, கன்னியாகுமரி, தூத்துக்குடி, விருதுநகர் ஆகிய மாவட்டங்களைத் தலைமையிடமாகக் கொண்ட வணிகர்களுக்கு அந்த ஆண்டு ரிட்டர்னின் கடைசி நாள் 2024 ஜனவரி 10-க்குத் தள்ளிவைக்கப்பட்டது. அதே தேதியில் மதுரையில் போட்ட பில்லுக்கும் தூத்துக்குடியில் போட்ட பில்லுக்கும் ஆயுளில் பத்து நாள் வித்தியாசம் உண்டாயிற்று. மேல்முறையீடு ஒன்று நிலுவையில் இருந்தால், அது இறுதியாக முடிந்து ஓராண்டு ஆகும் வரையோ மேலே சொன்ன காலம் வரையோ, எது பிந்தையதோ அதுவரை வைத்திருக்க வேண்டும். இந்த பில்லைப் போட்டது ஒரு கம்பெனியாக இருந்தால், 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின் 128-ஆம் பிரிவும் சேர்ந்துகொள்ளும். நடப்பு நிதியாண்டுக்கு முந்தைய எட்டு நிதியாண்டுகளின் கணக்கும் வவுச்சர்களும் கையில் இருக்க வேண்டும். அப்படிப் பார்த்தால் 2022–23-இன் கணக்கை 2031 மார்ச் 31 வரை தொட முடியாது. ஒரே காகிதத்தின் மீது இரண்டு கடமைகள், இரண்டு தொடக்க நாள்கள். பிந்தி முடிவது எதுவோ அதுவே விதி.

மற்றச் சட்டங்களும் பெரும்பாலும் இதே போக்கில்தான் நடக்கின்றன. பணமோசடித் தடுப்புச் சட்டத்தின்படி வங்கிகளும் நிதி நிறுவனங்களும் பரிவர்த்தனைப் பதிவை, அது நடந்த நாளிலிருந்து ஐந்தாண்டு காக்க வேண்டும். வாடிக்கையாளரின் அடையாள ஆவணங்களையோ, கணக்கு மூடப்பட்ட அல்லது தொடர்பு முடிந்த நாளிலிருந்து ஐந்தாண்டு காக்க வேண்டும். முப்பது ஆண்டு கணக்கு வைத்திருந்தவரின் அடையாளச் சான்று முப்பத்தைந்து ஆண்டு இருக்கும். ஓராண்டில் மூடியவருடையது ஆறாண்டு. 2023-ஆம் ஆண்டு மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் எதிர்த்திசையிலிருந்து வருகிறது. எந்த நோக்கத்துக்காகத் தனிநபரின் தகவலைப் பெற்றோமோ அது நிறைவேறிவிட்டால், வேறு சட்டம் காக்கச் சொன்னாலன்றி, அதை அழித்துவிட வேண்டும் என்கிறது. 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டுப் படிப்படியாக நடைமுறைக்கு வரும் அதன் விதிகளில், இரண்டு கோடிக்குக் குறையாத பயனர்களைக் கொண்ட இணைய வணிக நிறுவனங்களுக்கு மூன்றாண்டு என்ற வரம்பு இருக்கிறது. அந்த மூன்றாண்டும் பயனர் பதிவு செய்துகொண்ட நாளிலிருந்து எண்ணப்படுவதில்லை. அவர் கடைசியாக நிறுவனத்தை நாடிய நாளை ஒட்டி எண்ணப்படுகிறது. அழிப்பதற்கு 48 மணி நேரம் முன்பு அவருக்குத் தகவலும் சொல்ல வேண்டும். ஒன்று காக்கச் சொல்லும் சட்டம், மற்றொன்று அழிக்கச் சொல்லும் சட்டம். இரண்டுமே தொடர்பு முடிந்த நாளைத்தான் தேடுகின்றன.

சம்பளப் பதிவேடு சொல்லும் பாடம்

சட்டம் சொன்ன காலம் வரை வைத்திருந்தும் போதாமல் போன ஓர் இடத்தைச் சொல்ல வேண்டும். 1936-ஆம் ஆண்டு ஊதியம் வழங்கல் சட்டம், சம்பளப் பதிவேடுகளைக் கடைசிப் பதிவு எழுதிய நாளிலிருந்து மூன்றாண்டு காக்கச் சொன்னது. பல ஆலைகளும் நிறுவனங்களும் அதையே அளவாகக் கொண்டன. தொழிலாளர் ஓய்வூதியத் திட்டம் 1995 நவம்பர் 16 அன்று நடைமுறைக்கு வந்தது. உச்சவரம்புக்கு மேற்பட்ட உண்மைச் சம்பளத்தின் அடிப்படையில் ஓய்வூதியம் பெறுவது பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 2022 நவம்பர் 4 அன்று தீர்ப்பளித்தது. அதையொட்டி வருங்கால வைப்பு நிதி அமைப்புக்கு 17.49 லட்சம் விண்ணப்பங்கள் வந்தன. ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் நிறுவனம் அந்தத் தொழிலாளியின் பழைய சம்பள விவரத்தைச் சரிபார்த்து ஏற்ற வேண்டும். திட்டம் தொடங்கிய காலத்திலிருந்தே வேலையில் இருந்தவர் என்றால் இருபத்தைந்து ஆண்டுக்கும் மேற்பட்ட மாதச் சம்பளம். நிறுவனங்களுக்கான கெடு திரும்பத் திரும்ப நீட்டிக்கப்பட்டு, கடைசியாக 2025 ஜனவரி 31 வரை தரப்பட்டது. அந்த நீட்டிப்பை அறிவித்தபோதும் 3.1 லட்சத்துக்கு மேற்பட்ட விண்ணப்பங்கள் நிறுவனங்களிடமே தங்கியிருந்தன.

அவை எல்லாமே பதிவேடு இல்லாததால் தேங்கின என்று சொல்வது நியாயமாகாது, காரணங்கள் பல. ஆனால் மூன்றாண்டு விதியை நம்பி 1998-இன் சம்பளப் பதிவேட்டைக் கழித்த நிறுவனம் இந்த வேலையை எப்படிச் செய்ய முடியும் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். அந்த நிறுவனம் சட்டத்தை மீறவில்லை. ஊதியச் சட்டத்தின் கடமை மூன்றாண்டில் முடிந்தது உண்மை. ஓய்வூதியத்தின் கடமையோ தொழிலாளி ஓய்வு பெற்று, அவருக்குப் பின் அவருடைய துணைவருக்கான ஓய்வூதியமும் தீரும் வரை முடிவதில்லை. பதிவேடு ஒன்றுதான், அது சுமக்கும் கடமைகள் இரண்டு. பதிவேட்டின் பெயரைப் பார்த்து ஒரு சட்டத்தின் காலத்தை எழுதிக்கொண்டவர்கள், நீண்ட கடமையை மறந்துவிட்டார்கள். மாதச் சம்பளம், பிடித்தம், செலுத்திய தொகை என்ற மூன்றே எண்கள் கொண்ட ஒரு சுருக்கப் பதிவைத் தொழிலாளியின் பெயரில் காத்திருந்தால் போதுமாயிருந்திருக்கும். வருகைப் பதிவும் கூடுதல் நேரச் சீட்டும் மூன்றாண்டில் போயிருக்கலாம். காலவிதியை ஆவணத்தின் வகைக்கு எழுதாமல் அது தாங்கும் கடமைக்கு எழுத வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

எதைச் சேர்த்து மாற்றுவது

காப்பகத்துக்கு மாற்றும் நாளை எப்படிக் குறிப்பது என்பதிலும் இதே தர்க்கம் உதவும். நிதியாண்டு முடிந்தவுடன் அந்த ஆண்டின் பதிவுகளை ஒட்டுமொத்தமாக நகர்த்தினால் என்ன ஆகும்? 2021 பிப்ரவரியில் விற்ற மோட்டாருக்கு இன்னும் பாதிப் பணம் பாக்கி. 2023-இல் அதைத் திருப்பிக் கொடுத்து வரவு வைக்கச் சொல்கிறார் வாங்கியவர். விற்பனை காப்பகத்தில், வரவுக் குறிப்பு நடப்பில் என்று பிரிந்து கிடந்தால், இரண்டையும் இணைத்துப் பார்க்க யாராலும் முடியாது. அதனால்தான் நல்ல மென்பொருள்கள் தேதியை மட்டும் பார்ப்பதில்லை. பாக்கி தீர்ந்ததா, அந்த பில்லோடு பிணைந்த ரசீதும் வரவுக் குறிப்பும் முடிந்தனவா என்று பார்த்து, முடிந்தவற்றை மட்டும் கொத்தாக நகர்த்துகின்றன. சிறு கடைகளில் புழங்கும் டேலியில் ஆண்டுவாரியாகத் தரவைப் பிரிக்கும்போதுகூட, பில்வாரியாக வைத்திருக்கும் கணக்குகளில் தீராத பில்கள் புதிய ஆண்டின் தொடக்க இருப்போடு வந்து சேர்கின்றன. பேரேட்டில் பாக்கியை அடுத்த ஏட்டுக்குக் கொண்டுபோன கணக்குப்பிள்ளை செய்ததும் இதைத்தான்.

பதிவோடு அதன் சூழலும் போக வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டியின் 12, 28 சதவீத அடுக்குகள் பெரும்பாலும் நீக்கப்பட்டன. 12 சதவீத வரி போட்ட 2019-இன் பில்லைக் காப்பகத்திலிருந்து எடுத்து, இன்றைய வரிப் பட்டியலோடு வைத்துப் பார்க்கும் இளைஞருக்கு அது பிழையான பில்லாகவே தெரியும். அன்றைய வரிப் பட்டியல், சரக்குக் குறியீடு, கிளையின் முகவரி ஆகியவை பில்லோடு சேர்ந்து காக்கப்பட்டிருந்தால்தான் அந்த பில் பேசும். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 7-ஆம் பிரிவும் இதையே கேட்கிறது. மின்னணுப் பதிவு பிற்காலத்தில் பயன்படுத்தும்படி எட்டக்கூடியதாக இருக்க வேண்டும். உருவான வடிவத்திலோ, அதைத் துல்லியமாகக் காட்டும் வடிவத்திலோ இருக்க வேண்டும். எங்கிருந்து, எங்கே, எந்த நாளில், எந்த நேரத்தில் போனது என்ற விவரமும் உடன் இருக்க வேண்டும். சாதனமும் மூப்படைகிறது. எல்டிஓ காந்த நாடாக்களில் ஏழாம் தலைமுறைக் கருவி ஐந்தாம், ஆறாம் தலைமுறை நாடாக்களைப் படித்தது. எட்டாம் தலைமுறைக் கருவி ஏழாம் தலைமுறையை மட்டுமே படிக்கும், ஆறை ஏற்காது. நாடா கெடாமல் இருக்கும். படிக்கும் கருவிதான் இருக்காது. ஆகவே, காக்கும் காலம் எட்டாண்டு என்று எழுதுகிறவர், நடுவில் ஒருமுறை புதிய சாதனத்துக்கு மாற்றும் ஆண்டையும் சேர்த்து எழுத வேண்டும்.

மறுப்புகள்

இதுவரை சொன்னதற்கு மறுப்புகள் உண்டு. முதலாவது, சேமிப்பு இன்று மலிவு, எல்லாவற்றையும் வைத்துவிட்டுப் போனால் என்ன என்பது. டிஸ்க் மலிவுதான். ஆனால் நடப்புத் தரவுத்தளம் ஒன்று இருக்குமிடத்தில், அதன் பேக்கப், பேரிடருக்கான மாற்றுப் பிரதி, மென்பொருளைச் சோதிப்பவர்களின் பிரதி என்று அது பல மடங்காகப் பெருகுகிறது. திருடப்பட்டால் அத்தனைக்கும் பதில் சொல்ல வேண்டும். தனிநபர் தரவைப் பாதுகாக்கத் தவறினால் நம் சட்டத்தில் 250 கோடி ரூபாய் வரை அபராதம் உண்டு. பெர்லினில் டாய்ச்ச வோனன் என்ற வீட்டு வாடகை நிறுவனத்துக்கு 2019-இல் தரவுப் பாதுகாப்பு ஆணையம் 1.45 கோடி யூரோ அபராதம் விதித்தது. தரவு திருடுபோனதற்காக அல்ல. வாடகைதாரர்களின் சம்பளச் சீட்டும் வங்கி விவரமும் கிடந்த அந்தக் காப்பகத்தில், தேவையற்றதை நீக்கும் வசதியே இல்லை என்பதற்காக. வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம் வரை போனது. நிறுவனத்தின் மீதே அபராதம் விதிக்கலாம், ஆனால் தவறு வேண்டுமென்றோ கவனக்குறைவாலோ நடந்திருக்க வேண்டும் என்று அந்நீதிமன்றம் 2023 டிசம்பரில் விளக்கியது. எல்லாவற்றையும் வைத்திருப்பது பாதுகாப்பு என்ற எண்ணம் இனி செல்லுபடியாகாது.

இரண்டாவது மறுப்பு இதைவிடக் கனமானது. இயந்திரம் போல் காலம் பார்த்து அழித்தால், நீதிக்குத் தேவைப்படும் சான்று அழியாதா? அழியும், அழிந்திருக்கிறது. 2001-இல் என்ரான் என்ற அமெரிக்க எரிசக்தி நிறுவனத்தின் கணக்கு மோசடி வெடித்தபோது, அதன் தணிக்கையாளரான ஆர்தர் ஆண்டர்சன் நிறுவனத்தில், ஆவணக் கழிப்பு விதியைக் கடைப்பிடியுங்கள் என்ற நினைவூட்டலுக்குப் பிறகு காகிதங்கள் கிழித்துத் தள்ளப்பட்டன. 2002-இல் வந்த தண்டனையை, ஜூரிக்குத் தந்த விளக்கம் சரியில்லை என்று 2005-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் நீக்கியது. அதற்குள் அந்த நிறுவனம் தொழிலை இழந்துவிட்டது. காலவிதி இருந்தது அங்கே குற்றமாகவில்லை. விசாரணை வரப்போகிறது என்று தெரிந்தபிறகும் கடிகாரத்தை நிறுத்தாததே சிக்கலைக் கொண்டுவந்தது. கடமை முடிந்த நாளிலிருந்து எண்ணும் விதியில் இதற்கு விடை உள்ளேயே இருக்கிறது. வழக்கு எழுந்தால் கடமை முடியவில்லை. ஆகவே கடிகாரம் நிற்க வேண்டும். அதை நிறுத்தும் அதிகாரம் யாருக்கு என்பது விதியிலேயே பதவியின் பெயரோடு எழுதப்பட்டிருக்க வேண்டும். தவறுதலாக அழிவதும் உண்டு. 2020-இல் கேபிஎம்ஜி நிறுவனத்தில் ஒரேயொரு பயனருக்காகச் செய்யப் போன திருத்தம் தவறுதலாக எல்லோருக்கும் பொருந்திப்போய், 1,45,000 பேரின் உரையாடல் பதிவுகள் நீங்கின. எனவே அழிப்பு விதி ஓடுவதற்கு முன், எவை அழியப் போகின்றன என்ற பட்டியலை ஒருவர் தயாரிக்க, வேறொருவர் பார்த்து ஒப்பமிட வேண்டும். கணினி எண்ணட்டும்; கையெழுத்து மனிதருடையதாக இருக்கட்டும்.

மூன்றாவது மறுப்பு வரலாற்றாசிரியர்களிடமிருந்து வருகிறது. 1602-இல் தொடங்கிய டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி ஒரு வணிக நிறுவனம்தான். அதன் ஆவணங்கள் ஏறத்தாழ 2.5 கோடிப் பக்கங்கள், நெதர்லாந்திலும் ஜகார்த்தாவிலும் கொழும்பிலும் கேப் டவுனிலும் நம் எழும்பூர் ஆவணக் காப்பகத்திலும் இருக்கின்றன. 2003-இல் யுனெஸ்கோ அவற்றை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. எட்டாண்டு விதி அன்று இருந்திருந்தால் சோழமண்டலக் கடற்கரையின் துணி வணிகத்தைப் பற்றி நமக்கு எவ்வளவு தெரிந்திருக்கும் என்று அவர்கள் கேட்பார்கள். கேள்வி நியாயமானது. ஆனால் அதற்கு விடை எல்லாவற்றையும் வைத்திருப்பது அல்ல, நிரந்தர வகை ஒன்றை விதிக்குள்ளேயே வைப்பதுதான். அரசு அலுவலகம் நான்காவதாக நி.மு. என்று ஒன்றை வைத்திருப்பது அதற்காகத்தான். 1993-ஆம் ஆண்டுப் பொது ஆவணச் சட்டம், மத்திய அரசு ஆவணங்களில் 1892-க்கு முந்தையவற்றைப் பொதுவாக அழிக்கவே கூடாது என்று கோடு போட்டிருக்கிறது. தனியார் நிறுவனங்களும் இயக்குநர் குழுத் தீர்மானங்கள், பங்குதாரர் பதிவேடு ஆகியவற்றை நிரந்தரமாகவே வைக்கின்றன. அவற்றோடு ஆண்டு ஐந்தொகை, விலைப்பட்டியலின் ஆண்டுக்கொரு பிரதி, விளம்பரங்கள், ஆலையின் வரைபடங்கள் ஆகியவற்றையும் சேர்த்தால் நாளைய வரலாற்றுக்கு அது பெரும் கொடை. கோடிக்கணக்கான கைப்பேசி எண்களைச் சேர்த்துவைப்பது வரலாற்றுக்குச் செய்யும் தொண்டாகாது.

நான்காவதாக, இதெல்லாம் பெரிய கம்பெனிகளுக்கு, சிறு கடைக்காரர் என்ன செய்வார் என்று கேட்கலாம். சிறு கடைக்காரருக்குத்தான் இது எளிது. அவரிடம் இருப்பது பத்துப் பன்னிரண்டு வகை ஆவணங்கள். ஒரு தாளில் ஐந்து பத்தி போட்டால் போதும்: ஆவணம் எது, அது எந்தக் கடமையைத் தாங்குகிறது, அந்தக் கடமை எந்த நாளில் முடிகிறது, அதன்பின் எத்தனை காலம், பிறகு என்ன செய்வது. விற்பனை பில்லுக்கு எதிரே ‘ஆண்டு ரிட்டர்னின் கடைசி நாள்’ என்றும், கடன் பத்திரத்துக்கு எதிரே ‘கடன் முழுதும் தீர்ந்த நாள்’ என்றும், வேலையாளின் சம்பளச் சுருக்கத்துக்கு எதிரே ‘அவருடைய, துணைவருடைய ஓய்வூதியம் தீர்ந்த நாள்’ என்றும், வேலை கேட்டு வந்தவரின் விண்ணப்பத்துக்கு எதிரே ‘ஆள் எடுத்து முடிந்த நாள்’ என்றும் எழுதிவிட்டால் பாதி வேலை தீர்ந்தது. எண்களை ஆடிட்டர் நிரப்பிவிடுவார். மூன்றாவது பத்தியை நிரப்ப அவரால் முடியாது. தொழிலை அறிந்தவரால்தான் முடியும்.

நிறைவாக, இங்கே வந்திருக்கும் மென்பொருள் எழுதும் இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். நீங்கள் வடிவமைக்கும் ஒவ்வொரு அட்டவணையிலும் பதிவு உருவான தேதிக்கு ஒரு பத்தி இருக்கிறது. பெரும்பாலானவற்றில் கடமை முடிந்த தேதிக்கு இடமே இல்லை. அந்தப் பத்தியைச் சேருங்கள். கடிகாரத்தை நிறுத்திவைக்க ஒரு குறியையும் சேருங்கள். வணிகப் பெருமக்களுக்கும் ஒன்று: இந்த நிதியாண்டின் கணக்குத் தணிக்கை முடிந்த கையோடு, அந்த ஒற்றைத் தாளை எழுதி, கையெழுத்திட்டு, கணக்கறையில் ஒட்டிவையுங்கள், ஆண்டுக்கொருமுறை ஆடிட்டரோடு உட்கார்ந்து திருத்துங்கள். காலம் குறிக்காமல் சேர்ப்பவர் ஒருநாள் பதறி அழிக்க வேண்டிவரும். எது எப்போது முடிகிறது என்று முன்பே எழுதிவைத்தவருக்கு அந்தப் பதற்றம் வராது.